தகுதி யாருக்கு? ஒரு விளையாட்டு வாதம் கற்பிக்கும் பாடம்



கர்க்லாண்டின் வீதிகளிலே பனி படியத் தொடங்கும் மார்கழி முதல் வாரத்தில், எமது வார இறுதி வகுப்பின் மூத்த மாணவரிடையே ஆண்டுதோறும் ஒரு வாதம் மூளுகின்றது. இலக்கண வகுப்பிலே வாய் திறவாத பிள்ளைகள்கூட அன்று குரல் உயர்த்துவர். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தின் இறுதிச் சுற்றுக்கு எந்தெந்த அணிகள் தகுதியானவை என்பதே அவ்வாதத்தின் பொருள். முதலில் இதனை வீண்பேச்சு என்று எண்ணி அடக்க முயன்றேன். பின்னர் காது கொடுத்துக் கேட்டபோது, நாம் பட்டிமன்றத்தில் கற்பிக்க விரும்பும் அனைத்தும் அதிலே அடங்கியிருக்கக் கண்டேன். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டும் சிக்கலும்

பெற்றோர் பலரும் அறிந்த உதைபந்தாட்டம் அன்று இது. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மறித்து வீழ்த்தியும் ஆடப்படுவது. இதன் வளர்ச்சியிலே எமது மொன்றியல் நகருக்கும் பங்குண்டு. 1874ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம், 15ஆம் திகதிகளில் மக்கில் பல்கலைக்கழக மாணவர் அமெரிக்கா சென்று ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவருடன் மோதினர். முதல் நாள் ஹார்வார்ட்டின் விதிகளின்படியும், மறுநாள் மக்கில் மாணவரின் றக்பி விதிகளின்படியும் ஆட்டம் நடைபெற்றது. மக்கில் கொண்டுசென்ற முறை ஹார்வார்ட் மாணவரைக் கவர்ந்தது. இன்றைய அமெரிக்கக் கால்பந்து அந்த வழியிலேயே வளர்ந்தது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். அமெரிக்காவின் முதற்தரப் பிரிவிலே நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளையும் சந்திப்பதாயின் நூற்றுமுப்பதுக்குக் குறையாத ஆட்டங்கள் வேண்டும். ஆனால் ஒரு பருவத்திலே ஓர் அணி ஆடுவது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆட்டங்களே. ஆகவே ஒருவரோடொருவர் மோதாத அணிகளை ஒப்பிட்டே தீரவேண்டிய நிலை. களம் விடையளிக்காத இடத்தில் மனிதர் விடையளிக்க வேண்டியுள்ளது. வாதம் பிறப்பதும் அங்கேதான்.

1936ஆம் ஆண்டு முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளரின் வாக்குகளைத் திரட்டி அணிகளை வரிசைப்படுத்தி வந்தது. 1998 முதல் 2013 வரையிலான பருவங்களில் வாக்குகளோடு கணினிக் கணிப்பையும் சேர்த்து இரண்டு அணிகளை இறுதியாட்டத்திற்குத் தெரிவு செய்தனர். 2014ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதின்மூவர் கொண்ட தெரிவுக்குழு நான்கு அணிகளைத் தெரிந்தெடுத்தது. 2024இல் அந்நான்கு பன்னிரண்டாயிற்று. குழு உறுப்பினர் தாம் தொடர்புடைய பல்கலைக்கழகம் பற்றிப் பேசப்படும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி.

மூன்று வழக்குகள்

இடங்கள் பெருகியும் வாதம் ஓயவில்லை. மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, 2014. இறுதிப் பட்டியலுக்கு முந்திய வாரம் ரெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. தன் கடைசி ஆட்டத்தில் அது 55க்கு 3 என்று வெற்றி பெற்றது. வென்றும் ஆறாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது! அதே வார இறுதியில் தன் பிரிவின் இறுதியாட்டத்தில் 59க்கு 0 என வென்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் நான்காம் இடத்தைப் பெற்றது. ரெக்சஸ் அணியின் பிரிவிலே அப்போது இறுதியாட்டம் என்று ஒன்று இல்லை. ஒஹாயோ அணி ஈற்றில் வாகையும் சூடியது.

இரண்டாவது, 2023. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் பதின்மூன்று ஆட்டங்களிலும் தோல்வியே காணாது தன் பிரிவின் வாகையை வென்றது. ஆயினும் அதன் தலைசிறந்த பந்தெறி வீரர் கார்த்திகை மாதத்தில் காயமுற்று விலகியிருந்தார். தெரிவுக்குழு ஒரு தோல்வி கண்ட ரெக்சஸ், அலபாமா ஆகிய அணிகளை எடுத்து, தோல்வியறியாத புளோரிடாவை ஐந்தாம் இடத்தில் நிறுத்தியது. பெரும் பிரிவொன்றின் தோல்வியற்ற வாகையாளர் இவ்வாறு விடப்பட்டது நான்கு அணி முறையில் அதுவே முதன்முறை. பின்னர் ஜோர்ஜியாவுடன் ஆடிய ஆட்டத்தில் புளோரிடா 63க்கு 3 எனத் தோற்றது. "பார்த்தீர்களா, குழு செய்தது சரியே" என்றனர் ஒரு சாரார். "வீரர் பலர் மனமுடைந்து அவ்வாட்டத்தில் ஆடவேயில்லை, அதை எவ்வாறு சான்றாகக் கொள்வது?" என்றனர் மறு சாரார்.

மூன்றாவது, 2025. மயாமி, நோட்டர் டாம் ஆகிய இரு அணிகளும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி என்று சமநிலையில் நின்றன. பருவத் தொடக்கத்தில் இரண்டும் மோதியபோது மயாமி 27க்கு 24 என வென்றிருந்தது. இருந்தும் வாரக்கணக்காக நோட்டர் டாம் அணியே மேலே வைக்கப்பட்டிருந்தது. கடைசி நாளிலே வரிசை மாறி மயாமி உள்ளே சென்றது, நோட்டர் டாம் வெளியே நின்றது. அந்த வார இறுதியில் இவ்விரு அணிகளும் ஆடவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு அளவுகோல்கள்

எமது மாணவரின் வாதத்தைக் கூர்ந்து கேட்டால் நான்கு அளவுகோல்கள் தெரியும். ஒன்று, எத்தனை வெற்றி என்ற கணக்கு. இரண்டு, வென்றது யாரை என்ற கேள்வி. வலியோரிடம் ஒருமுறை தோற்றவனும், எளியோரை மட்டுமே வென்றவனும் ஒன்றாவரோ? மூன்று, நேருக்கு நேர் மோதியபோது வென்றவர் எவர் என்பது. நான்கு, இன்றைய நிலையில் வலிமை மிக்கவர் எவர் என்பது.

புளோரிடாவுக்காகப் பேசிய மாணவி முதலாம் அளவுகோலைக் கையில் வைத்திருந்தாள். அலபாமாவுக்காகப் பேசிய மாணவன் நான்காவதை வைத்திருந்தான். இருவரும் "தகுதி" என்ற ஒரே சொல்லையே சொன்னார்கள். ஆனால் ஒருவருக்கு அது செய்து முடித்த செயலுக்கான பரிசு. மற்றவருக்கு அது இனிச் செய்யக்கூடிய ஆற்றலுக்கான மதிப்பீடு. இந்த வேறுபாட்டைக் காணாமல் நாள் முழுவதும் வாதிட்டாலும் முடிவு கிட்டாது. இழுத்தளக்கும் முழத்தையும் ஊற்றியளக்கும் படியையும் வைத்துக்கொண்டு ஒரே விலை பேசுவது போன்றது அது.

கனடாவின் வழி

நம் நாட்டின் அனுபவம் இங்கே நினைக்கத்தக்கது. அப்போதைய ஆளுநர் நாயகம் ஜோர்ஜ் வனியேயின் பெயரால் 1965இல் தொடங்கப்பட்ட வனியே கிண்ணத்தின் முதல் இரு ஆண்டுகளிலும் ஒரு குழுவே இரு அணிகளை அழைத்தது. முதலாண்டில் ரொறன்ரோ அணி அல்பேட்டாவை 14க்கு 7 என வென்றது. 1967 முதல் அது முறையான தேசிய வாகைப் போட்டியாயிற்று. இன்று நான்கு பிராந்தியங்களின் வாகையாளர் அரையிறுதியில் மோதி, வென்றவர் இறுதியாட்டத்திற்குச் செல்கின்றனர். மக்கில் 1987இல் இக்கிண்ணத்தை வென்றது.

இங்கே குழுவின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, களமே தீர்ப்பளிக்கின்றது. ஆனால் இதுவும் குறையற்றதன்று. 2022இல் லவால், 2023இல் மொன்றியல், 2024இல் மீண்டும் லவால் என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து கியூபெக் அணிகளே கிண்ணத்தை வென்றன. ஆயினும் ஒவ்வோராண்டும் இவ்விரு பெரும் அணிகளுள் ஒன்றுக்கே கியூபெக்கைத் தாண்டிச் செல்ல வாய்ப்புண்டு. நாட்டின் இரண்டாவது சிறந்த அணி தேசிய அரையிறுதியைக் காணாமலே வீடு திரும்பக்கூடும். எந்த முறையைக் கொண்டாலும் எவரோ ஒருவர் வாசலில் நிற்கவே செய்வர். அவர் ஏன் வெளியே நிற்கிறார் என்பதை அவருக்கே விளங்கும்படி சொல்ல முடிகின்றதா என்பதே கேள்வி.

நம்மவர் அறிந்த வாசல்

ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இக்கேள்வி புதியதன்று. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, பல்கலைக்கழகத்தின் ஒரே பீடத்திற்குத் தமிழ் மொழிமூல மாணவர் சிங்கள மொழிமூல மாணவரை விட உயர்ந்த புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. பரீட்சை எழுதியபோது அம்மாணவருக்கு இவ்விதி சொல்லப்படவில்லை. ஆடி முடித்த பின் அளவுகோல் மாற்றப்பட்டது. அந்தக் காயத்தின் வரலாற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் பின்வந்த மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி நம்மவரிடையே ஒரே குரல் இல்லை. நான் வன்னியில் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆய்வுகூடமற்ற பாடசாலையில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த என் மாணவி ஒருத்தி அந்த ஒதுக்கீட்டினாலேயே பல்கலைக்கழகம் சென்றாள். அதே ஆண்டில், அவளை விட உயர்ந்த இசட் புள்ளி பெற்ற என் உறவினர் மகன், யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை எட்டாமல் வெளியே நின்றான். அவன் தாயார் என்னிடம், "தம்பி, என்ர பிள்ளை என்ன குறைவாகப் படித்தான்?" என்று கேட்டார். அதற்கு விடை என்னிடம் இருக்கவில்லை. அவன் குறைவாகப் படிக்கவில்லை. அவளும் பிறர் இடத்தைப் பறிக்கவில்லை. ஒருவனைப் பெற்ற புள்ளியால் அளந்தார்கள், மற்றவளை அப்புள்ளியைப் பெற நடந்துவந்த தூரத்தையும் சேர்த்து அளந்தார்கள். இரண்டும் நேர்மையான அளவுகோல்களே. இடம்தான் எல்லோருக்கும் போதவில்லை.

இங்கும் இதே வினா நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றது. செஜெப் கல்லூரி முடித்துப் பல்கலைக்கழகம் செல்வோரைக் கியூபெக்கிலே "ஆர் புள்ளி" கொண்டு அளக்கின்றனர். அது வெறும் சதவீதம் அன்று. வகுப்பின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறார் என்பதையும், அவ்வகுப்பே எவ்வளவு வலிமையுடையது என்பதையும் சேர்த்துக் கணிப்பது. "வென்றது யாரை?" என்ற இரண்டாம் அளவுகோலின் கணித வடிவமே அது. எனவே அடுத்த வீட்டுப் பிள்ளையின் தொண்ணூறையும் நம் பிள்ளையின் எண்பத்தைந்தையும் வைத்து உணவு மேசையில் தீர்ப்பு வழங்கும் பெற்றோர் சற்றுப் பொறுத்தருள்க!

கல்லில் எழுதிய விதி

நம் முன்னோர் இதனை எண்ணாமலில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையைக் கோயிற் சுவரிலே வெட்டி வைத்தது. வயது, சொத்து, கல்வி ஆகிய தகுதிகளும், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கு என்ற விதியும் அதில் உள்ளன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அந்தணர் ஊரொன்றின் சபை அது. எல்லோருக்கும் அங்கே இடமிருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் விதியை முன்கூட்டியே எல்லோரும் காணும்படி எழுதிவைத்த பண்பு போற்றத்தக்கது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்ததும் இதன் அருமை கருதியே.

மாணவருக்கு மூன்று சொற்கள்

மாணவச் செல்வங்களே! இனி எந்த வாதத்தில் இறங்கினாலும் மூன்றினை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, "எந்த அளவுகோலால்?" என்று கேட்ட பின்பே வாதத்தைத் தொடங்குங்கள். இரண்டாவது, உங்கள் அணிக்குச் சாதகமாக எடுத்த அளவுகோலை அடுத்த ஆண்டு அது பாதகமாகும்போதும் கைவிடாதீர்கள். மூன்றாவது, பின்னால் வந்த பெறுபேற்றைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவை அளக்காதீர்கள். முடிவெடுத்தவர் அன்று அறிந்தவற்றைக் கொண்டே அவரை எடைபோடுங்கள்.

கடந்த மார்கழியில் அந்த வாதத்தை எமது வகுப்பிலேயே பட்டிமன்றமாக நடத்தினோம். விதி ஒன்றுதான்: முழுவதும் தமிழிலே பேசவேண்டும். மயாமிக்காகப் பேச வந்த மாணவனை நோட்டர் டாமுக்காகவும், நோட்டர் டாம் பக்கம் நின்ற மாணவியை மயாமிக்காகவும் பேசவைத்தேன். சொற்கள் தடுமாறின, இடையிடையே பிரெஞ்சு நுழைந்தது. ஆயினும் முடிவில் அம்மாணவன் என்னிடம் வந்து, "சேர், மற்றப் பக்கத்திலும் நியாயம் இருக்குது" என்றான். அந்த ஒரு வாக்கியத்திற்காகவே அன்று பனியில் வண்டியோட்டி வந்தது வீண்போகவில்லை என்று எண்ணினேன்.

நம் பிள்ளைகள் வாழ்வில் பல வாசல்களுக்கு முன் நிற்பார்கள். சிலவற்றில் உள்ளே அழைக்கப்படுவர், சிலவற்றில் வெளியே நிறுத்தப்படுவர். ஒருநாள் அவர்களே தெரிவுக்குழுவில் அமரவும் கூடும். வெளியே நிற்கும் நாளில் தளராத உள்ளமும், உள்ளே அமரும் நாளில் கோணாத நெஞ்சும் அவர்களுக்கு வாய்க்கட்டும். எமது தமிழ்ப் பாடசாலை அதற்கு ஒரு சிறு பயிற்சிக் களமாக என்றும் விளங்குவதாக!