நாட்டுக்குப் பெயரிட்ட பெண்மணி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் படத்தில், மேற்கே நைஜர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் நைஜீரியா என்ற நாடு உள்ளது. அப்பெயரை அந்நாட்டு மக்கள் இட்டார்களில்லை. படை நடத்திச் சென்ற தளபதி எவரும் இட்டாரில்லை. இலண்டன் மாநகரில் இருந்துகொண்டு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய ஒரு பெண்மணி வழங்கிய பெயர் அது. அவர் பெயர் ஃப்ளோரா ஷா.

1852-ஆம் ஆண்டில், பீரங்கிப் படை அதிகாரி ஒருவரின் மகளாக இவர் பிறந்தார். முதலில் சிறுவர் கதைகள் எழுதினார். 1886-இல் ஜிப்ரால்டர் சென்றபோது, ஆங்கில அரசால் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த சூடான் நாட்டு சுபேர் பாஷாவைப் பலமுறை கண்டு உரையாடினார். அடிமை வாணிகத்துக்குப் பெயர்போன அம்மனிதரின் வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதியதுதான் இவருடைய பத்திரிகைத் தொழிலின் தொடக்கம்.

‘டைம்ஸ்’ இவரை 1892-இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று உலகையே சுற்றிவந்தார். சுரங்கங்களையும் கரும்புத் தோட்டங்களையும் நேரில் கண்டு எழுதினார். எழுதியவர் பெயரை வெளியிடுவது அந்நாளில் அப்பத்திரிகையின் வழக்கமன்று. ஆதலால் வணிகமும் அரசியலும் விரவிய அக்கட்டுரைகளைப் படித்தோரிற் பலர், அவை ஒரு பெண்ணின் கைவண்ணம் என்று அறிந்திருக்க வழியில்லை. பின்னர்க் குடியேற்ற நாடுகள் பகுதிக்கு இவரே ஆசிரியரானார்.

1897 ஜனவரி 8-ஆம் நாள் வெளிவந்த கட்டுரையில்தான் ‘நைஜீரியா’ என்ற பெயரை முன்மொழிந்தார். அப்பகுதி அப்போது ஒரு வாணிகக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. கம்பெனியின் நீண்ட பெயரோடு அதைச் சுட்டுவது எழுதுவோர்க்குத் தொல்லையாயிருந்தது. அவ்வளவே காரணம்! அந்நிலத்தை அவர் அதுவரை கண்ணாற் கண்டதுமில்லை. அங்கு வாழ்வோரை ஒருவரும் ஒரு சொல் கேட்டதுமில்லை. பேராற்றல் வாய்ந்த அந்தப் பேனா பேரரசின் பேனாவாகவே இருந்தது என்பதை நாம் மறைத்துப் பேசலாகாது. 1895-ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்சன் என்பவர் டிரான்ஸ்வால் குடியரசின் மீது படையெடுத்தார். அதற்கு முன் செசில் ரோட்ஸுக்கு இவர் அனுப்பிய தந்திகள் பின்னர் வெளிவந்தன. 1897-இல் பாராளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நின்று, கலங்காமல் விடையளித்தார். குற்றம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. எனினும், செய்தி சொல்வோர் செயலாற்றுவோருடன் எவ்வளவு நெருங்கலாம் என்ற வினா அதனால் தீர்ந்துவிடவில்லை.

1900-இல் உடல் நலிவால் பதவி விலகினார். 1902 ஜூனில், மதீராத் தீவில், படை அதிகாரியும் வட நைஜீரியாவின் ஆட்சித் தலைவருமான பிரெடரிக் லுகார்டை மணந்தார். லுகார்டு பிறந்தது நம் சென்னையில். அவர் தந்தை இங்கே படையினருக்குப் பாதிரியாராக இருந்தவர். மணமகளுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தாம் பெயரிட்ட நாட்டுக்கே மனைவியாகப் போனார். ஆனால் அத்தட்பவெப்பம் ஒவ்வாமல், சில திங்களில் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. கணவர் அங்கே, மனைவி இங்கே, இடையே கடிதங்கள். உலகமெங்கும் தனியே சென்று எழுதியவர், இனிக் கணவரின் கொள்கைகளுக்காக இலண்டனில் வாதாடுபவரானார். இது அவருக்கு உயர்வா, இழப்பா? அவர் அதை இழப்பென்று கருதியதாகத் தெரியவில்லை. எனக்கோ அவ்வாறே தோன்றுகிறது. 1905-இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வரலாற்று நூல் ஒன்றே பழைய எழுத்தாளரை நமக்குக் காட்டுகிறது.

லுகார்டு 1907 முதல் 1912 வரை ஹாங்காங் ஆளுநராயிருந்தபோது, அங்கே பல்கலைக்கழகம் அமைக்கும் முயற்சியில் அம்மையாரும் உடனுழைத்தார். 1914-இல் லுகார்டு வட, தென் பகுதிகளை ஒன்றாக இணைத்து நைஜீரியா முழுவதையும் ஆண்டார். மனைவி இட்ட பெயரில் கணவர் ஒரு நாட்டையே உருவாக்கிவிட்டார். 1960-இல் விடுதலை பெற்றபோதும் அம்மக்கள் அப்பெயரை மாற்றவில்லை. முதல் உலகப் போர் மூண்டதும், பெல்ஜிய அகதிகளுக்கு உறைவிடம் தேடித் தரும் பணியில் அம்மையார் இறங்கினார். 1929 ஜனவரியில் அவர் காலமானார். லுகார்டு மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1945-இல் இறக்கும்வரை தனித்தே வாழ்ந்தார்.