அயல்நாட்டு ஆங்கில ஆசிரியப் பணியும் அதற்குரிய பயிற்சியும்

ஒரு மொழியைப் பேசத் தெரிந்தவர் எவரும் அம்மொழியைக் கற்பிக்க வல்லவர் என்பது பொதுவாக நிலவிவரும் எண்ணம். நன்றாக நீந்துவோர் அனைவரும் நீச்சல் கற்பிக்க வல்லவரா என்று கேட்டால் தயங்கும் நாம், மொழி விஷயத்தில் மட்டும் அத்தயக்கத்தைக் காட்டுவதில்லை. கடல் கடந்து சென்று ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற விரும்பும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நமக்கு அப்பணி கிட்டுமா, கிட்டுமெனில் எத்தகைய பயிற்சி வேண்டும் என்னும் வினாக்கள் அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவற்றை இங்கு ஒருவாறு ஆராய்வோம்.

காந்தலூரை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூர், அஞ்சுநாடு எனப்படும் பழைய தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்று. வெள்ளைப்பூண்டும் காய்கறிகளும் இங்கு விளைகின்றன, ஆப்பிளும் காய்க்கிறது. இவ்வூர்க் குழந்தைக்கு வீட்டிலும் வயலிலும் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். பிற மொழி ஒன்றைக் கற்பதன் இடர்ப்பாடு இன்னதென்பதை அக்குழந்தை இளமையிலேயே அறிந்துகொள்கிறது. இவ்வறிவு ஆசிரியப் பணிக்கு எவ்வாறு முதலாகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்தியர் பிற நாட்டில் ஆங்கிலம் கற்பித்தல் புதுமையன்று. பேரரசர் ஹைலே செலாசி ஆண்ட காலத்தில், 1950, 1960ஆம் ஆண்டுகளையொட்டி, எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர் பலர் பணிபுரிந்தனர். அவர்களுள் கேரளத்தினர் கணிசமானோர். பின்னர் நைஜீரியாவுக்கும் மாலத்தீவுக்கும் நம்மவர் சென்றனர். பயிற்சிக்கான நிறுவனங்களும் நம் நாட்டில் அக்காலத்திலேயே தோன்றின. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது. அதுவே 2007இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. பிற நாட்டார் அங்கு வந்து ஆங்கிலம் பயில்வதும் உண்டு. தென் மாநில ஆசிரியர்களுக்கென 1963இல் பெங்களூரில் மண்டல ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது.

கற்பிக்கும் முறையிலும் தென்னிந்தியா உலகுக்குத் தன் பங்கை அளித்திருக்கிறது. என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகப் புகட்டுவதை விடுத்து, ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி தேடுவது போன்ற செயல்களை மாணவர்க்கு அளித்தார். பொருளில் கருத்துச் செலுத்தும்போதே மொழி மனத்தில் படிகிறது என்பது அவர் கொள்கை. 1987இல் அவர் வெளியிட்ட நூல் பல நாட்டு ஆங்கில ஆசிரியர்களால் பயிலப்படுகிறது.

இனி, அயல்நாட்டுப் பணிக்கெனச் சிறப்பாக அளிக்கப்படும் பயிற்சியைப் பார்ப்போம். 1962இல் ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் லண்டனில் ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் வழங்கப்படும் ‘செல்டா’ என்னும் சான்றிதழ். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி இதற்கு வேண்டும். அதில் 6 மணி நேரம் பயிற்சி பெறுவோர் உண்மையான மாணவர்முன் நின்று பாடம் நடத்தவேண்டும். வேறு 6 மணி நேரம் தேர்ந்த ஆசிரியர் பாடம் நடத்துவதைக் கவனித்தறிய வேண்டும். இறுதியில் எழுத்துத் தேர்வு இல்லை.

அந்த 6 மணி நேரமே இப்பயிற்சியின் உயிர். பயிற்சியாசிரியர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார். பாடம் முடிந்ததும் அதன் நிறைகுறைகள் ஆராயப்படும். தாமே பேசிக்கொண்டிருக்கும் ஆசிரியர், மாணவரைப் பேசவைக்கக் கற்றுக்கொள்வது இங்குதான். சான்றாக, ‘ஐ ஹாவ் லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்னும் வாக்கியத்தைக் கூறிவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்பது பயனற்றது, எவரும் தலையசைப்பர். “அவர் இப்போதும் இங்கு வசிக்கிறாரா?” என்று கேட்டால், கிடைக்கும் விடையே மாணவர் புரிந்துகொண்டாரா என்பதைக் காட்டிவிடும். இத்தகைய வினாக்களை அமைக்கும் திறன் புத்தகம் படிப்பதால் மட்டும் வருவதன்று.

டிரினிட்டி கல்லூரி வழங்கும் மற்றொரு சான்றிதழில் வியத்தகு பகுதி ஒன்றுண்டு. பயிற்சி பெறுவோர் தாம் அறியாத மொழி ஒன்றை 4 மணி நேரம் மாணவராக இருந்து கற்கவேண்டும். ஒன்றும் விளங்காமல் விழித்திருக்கும் மாணவனின் நிலையை ஆசிரியர் உணரவேண்டும் என்பதே இதன் நோக்கம். நான்கு மணி நேரத்தில் அவர்கள் தேடிப் பெறும் அவ்வுணர்வைக் காந்தலூர்ப் பிள்ளை பள்ளிப் பருவம் முழுவதும் பெற்றிருக்கிறது அன்றோ!

மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் இரு மொழிகளுக்கிடையே நின்று உழலும் நாம் இதன் பயனை நன்கு அறிவோம். தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ என்னும் சிறு சொற்களுக்கு நேரான சொற்களும் தமிழில் இல்லை. ஜப்பானிய, கொரிய மொழிகளும் இவ்விரு கூறுகளில் தமிழை ஒத்தவை. எனவே அந்நாட்டு மாணவர் எங்கே இடறுவர், ஏன் இடறுவர் என்பது தமிழருக்குத் தம் அனுபவத்திலேயே விளங்கும். எனினும் அனுபவம் மட்டும் போதாது. அதை முறையான பாடமாக வகுத்துத் தரும் ஆற்றலைப் பயிற்சியே அளிக்கும்.

தகுதி இருந்தும் சில கதவுகள் அடைபட்டிருப்பதை மறைப்பதற்கில்லை. தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் கற்பிப்போருக்கான விசா, ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் ஏழு நாட்டினருக்கே பொதுவாக அளிக்கப்படுகிறது. ஆயினும் 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார உடன்படிக்கை, பட்டமும் ஆங்கில ஆசிரியர் சான்றும் உடைய இந்தியர் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் பணிபுரிய இடமளித்துள்ளது. வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் பி.எட். பட்டத்தை எதிர்பார்க்கின்றன. ஆகவே எந்நாடு செல்வது என்பதை முதலில் முடிவு செய்து, அந்நாட்டின் விதிகளை அதன் தூதரகத்தின் வாயிலாக அறிந்து, பின்னரே பயிற்சியைத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ‘120 மணி நேரம்’ என்னும் அதே எண்ணைத் தாங்கிய சான்றிதழ்கள் இணையத்தில் மலிவாக விற்கப்படுகின்றன. இவற்றுள் பலவற்றில் மாணவர் ஒருவரேனும் எதிரில் இரார். பாடத்தைப் பார்வையிடுவோரும் இரார். எண் ஒன்றே, பொருள் வேறு. ஆதலால் பணம் செலுத்துமுன், உண்மையான மாணவருக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவோம், அதை யார் பார்வையிடுவார், சான்றிதழை வழங்குவது யார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். பூண்டு விளையும் நிலத்தை அடகு வைத்து வெறுங்காகிதத்தை வாங்கிவிட்டால், இழப்பு ஒருவருடையதாக நில்லாது. குடும்பம் முழுவதையும் வருத்தும்.

வேலை தேடித் தரும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலையில் சேரலாம் என்று கூறுவோரை நம்பலாகாது. பட்டச் சான்றிதழ்களுக்கு உரிய சான்றொப்பம் பெறுவதற்குக் கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ் என்னும் அரசு நிறுவனம் துணை செய்கிறது.

மறையூரிலிருந்து சின்னாறு வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் நெடுங்காலமாக மலை விளைபொருள்கள் சென்றுகொண்டிருக்கின்றன. அவ்வழியே கல்வி கற்ற இளைஞரும் உலகத்தை நோக்கிப் புறப்படுவாராயின் அது மகிழ்ச்சிக்குரியதே. புறப்படுமுன், அண்மையிலுள்ள பள்ளி ஒன்றில் ஆசிரியரின் இசைவு பெற்றுச் சில நாள்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது நன்று. இப்பணி தமக்கு உகந்ததா என்பதை அவ்வகுப்பறையே, ஒரு காசும் பெறாமல், அவர்களுக்குத் தெரிவித்துவிடும்.