டிராக்டருக்குப் பின்னால் ஒரு புல்வெட்டி

ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். இரண்டு முறையும் மழை ஓய்ந்ததும் தோப்புகளில் இடுப்பளவு புல் நிற்கும். நெடுமங்காடு, பாலோடு, விதுரா பக்கம் போனால் புல்லோடு கம்யூனிஸ்ட் பச்சை, ஆனைத்தொட்டாவாடி என்ற களைகளும் பின்னிக் கிடக்கும். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை பின்னர் சரிந்தது. பால் எடுக்காமல் விட்ட தோட்டங்களில் புதர் மண்டி, காட்டுப்பன்றிக்கு ஒளிவிடம் ஆயிற்று. தொல்லை முற்றி, பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் வர்க்கலையிலும் பாறசாலையிலும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. அதைப் பரப்பும் சிற்றுண்ணிகள் வாழ்வது புதரிலும் உயர்ந்த புல்லிலும்தான். ஆகவே புல் வெட்டுவது இங்கே அழகுக்காகச் செய்கிற வேலை அல்ல.

ஆள் வைத்து வெட்டலாம் என்றால் கூலி கட்டுப்படியாகாது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் கேரளத்தில் விவசாயத் தொழிலாளியின் நாள் கூலி 700 ரூபாய்க்கு மேல். அகில இந்திய சராசரி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதனால்தான் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் ஊரெல்லாம் இரைகிறது. ஆனால் ஐந்து ஏக்கர் தோப்பை அதை வைத்து வெட்டுகிறவரின் தோளும் இடுப்பும் என்ன ஆகும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த யோசனை மினி டிராக்டர். அதன் பின்னால் எதை மாட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பெரும்பாலோர் மாட்டுவது ரோட்டவேட்டர். பலருக்கு டிராக்டரோடு சேர்ந்தே வருகிறது, களையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நான் இதை வேண்டாம் என்பேன். ரோட்டவேட்டர் புல்லை வெட்டுவதில்லை. மண்ணைக் கிளறிப் புல்லைப் புதைக்கிறது. சரிவான செம்மண்ணை மழைக்கு முன் கிளறிவிட்டால் மேல்மண் ஓடையில் போய்ச் சேரும். ரப்பருக்கு உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மட்டத்திலேயே பரவியிருப்பதால் அவையும் அறுபடும். புல்லின் வேர் மண்ணில் இருக்க வேண்டும், தண்டு மட்டும் குறைய வேண்டும். அதற்கென்றே செய்த கருவிகள் மூன்று.

முதலாவது ஸ்லாஷர். தட்டையான இரும்புக் கூண்டு, நடுவில் ஒரு கியர்பாக்ஸ், அதன் அடியில் கிடைமட்டமாகச் சுழலும் இரண்டு கனத்த கத்திகள். டிராக்டரின் பின்புறம் இருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். கியர்பாக்ஸ் அதை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கத்திக்குக் கொடுக்கும். நான்கடி ஸ்லாஷரில் கத்தி முனை மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் கத்தி அறுப்பதில்லை, அடித்து முறிக்கிறது. சவரக் கத்திபோல் தீட்ட வேண்டியதில்லை, கோடாலி முனை போதும் என்பது இதனால்தான். கத்திகள் இறுக்கமாகப் பூட்டப்படாமல் ஒரு போல்ட்டில் ஊசலாடும்படி மாட்டப்பட்டிருக்கும். கட்டை குறுக்கிட்டால் கத்தி பின்னால் மடங்கி வழிவிடும். அப்போதும் அதிர்ச்சி கியர்பாக்ஸுக்குப் போகாமலிருக்க, தண்டின் இணைப்பில் ஷேர் போல்ட் ஒன்று இருக்கும். உடைவதுதான் அதன் வேலை. அடிக்கடி உடைகிறதே என்று சிலர் அதைவிடக் கடினமான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ்.

இன்னொரு விஷயம். கனமான கத்தி ஒருமுறை வேகமெடுத்துவிட்டால் உடனே நிற்காது. பழைய டிராக்டர்களில் கிளட்சை மிதித்தாலும், சுழலும் கத்தியின் விசை பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். வரப்போரத்திலோ குளக்கரையிலோ அது உயிருக்கே ஆபத்து. பி.டி.ஓ. தண்டில் இந்த விசையைத் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் தனியாக வாங்கி மாட்டலாம்.

ஸ்லாஷர் முரடான வேலைக்கு நல்லது. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் திருவனந்தபுரத்தில் அதற்கு ஒரு பகை உண்டு: கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆய்வாளர் மலபாரில் பார்த்து, 1807இல் வெளியான நூலில் லேட்டரைட் என்று பெயரிட்ட அதே செம்பூராங்கல்தான் இந்த மாவட்டத்தின் மேடுகளிலும். முற்றிய துண்டுகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். தென்னந்தோப்பு என்றால் விழுந்த குரும்பையும் மட்டையும் சேரும். ரப்பர் தோட்டத்தில் சிரட்டை மாட்டும் கம்பியும் மழை மறைப்பாகக் கட்டிய பாலிதீன் தாளும் கிடக்கும். கத்தியில் பட்ட கல் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய நூறு மீட்டர் தூரத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது ஸ்லாஷர் தயாரிப்பாளர்கள் பலர் தரும் எச்சரிக்கை. அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் இது சரி. சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல் வசிக்கும் (2011 கணக்கெடுப்பு) மாவட்டத்தில் நூறு மீட்டருக்குள் அடுத்த வீட்டு அடுக்களை வந்துவிடும்.

இரண்டாவது கருவியான ஃப்ளெயில் மோவர் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. இதில் கத்தி கிடைமட்டமாகச் சுழலாது. குறுக்கே ஒரு உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் சிறு கத்திகள். உருளை சுழலும்போது கத்திகள் விறைத்து நின்று புல்லை அடித்துத் துண்டாக்கும். விட்டம் சிறியதாக இருப்பதால் முனை வேகம் ஸ்லாஷரைவிடக் குறைவு. உருளையைக் கூண்டு நெருக்கமாக மூடியிருக்கிறது, பின்னால் ஒரு ரோலரும் இருக்கிறது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை தெறிக்காமல் அங்கேயே கீழே விழும். விழுவதும் பொடியாக இருப்பதால் மண்ணுக்கு மூடாக்கு ஆகிவிடும். புல்லுக்கு ஒய் வடிவக் கத்தி, புதருக்கும் மட்டைக்கும் சுத்தியல் வடிவக் கத்தி. தோப்புக்காரர் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். குறையும் உண்டு. விலை கூடுதல், டிராக்டரிடம் கேட்கும் சக்தியும் கூடுதல். திருதராஷ்டிரப் பச்சை என்று மலையாளிகள் சொல்லும் மிக்கானியா கொடியும் நைலான் கயிறும் உருளையில் சுற்றிக்கொண்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அறுத்தெடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கை வைக்கவே கூடாது.

மூன்றாவது சிக்கிள் பார். முடிதிருத்துபவரின் மெஷின் போல, முக்கோணப் பற்கள் பக்கவாட்டில் ஓடி நறுக்கும். அடிப்பதற்குப் பதில் கத்தரிப்பதால் மிகக் குறைந்த சக்தி போதும். புல் முழு நீளத்தில் சாய்ந்து விழும், மண் கலக்காது. மாட்டுக்குத் தீவனம் வேண்டுபவருக்கு இதுதான் சரி. ஸ்லாஷர் சிதைத்துப்போட்ட புல்லை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விதுராவின் ஜெர்சி பண்ணைபோல் பசுக்களை வைத்திருப்பவர்கள் கினிப்புல்லுக்கு இதை யோசிக்கலாம். தடித்த நேப்பியர் தூருக்கு இன்னும் கையரிவாளே நம்பகம். கல்லும் கட்டையும் உள்ள இடத்தில் சிக்கிள் பாரை இறக்கினால் பல் போய்விடும்.

அளவுக் கணக்கு எளிது. கருவியின் அகலம் டிராக்டரின் பின்சக்கரங்களை மூட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மிதித்த புல் சாய்ந்து தப்பிவிடும். மினி டிராக்டரின் அகலம் மூன்றரை முதல் நான்கடி. ஸ்லாஷருக்கு அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது வழக்கமான கணக்கு. 24 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது 20 அளவு. ஆக நான்கடி ஸ்லாஷர் கச்சிதம். ஃப்ளெயில் என்றால் அதைவிடக் குறுகலானது, அல்லது மெதுவான கியர். தென்னையின் 7.5 மீட்டர் இடைவெளியில் இருபுறமும் பாத்தி போக நடுவில் மூன்றரை மீட்டர்தான் மிஞ்சும். நான்கடிக் கருவி மூன்று ஓட்டத்தில் முடிக்கும். பின்னால் 200 கிலோ தொங்கினால் சின்ன வண்டியின் முன்சக்கரம் லேசாகிவிடும். முன்னால் எடை கட்டாமல் மேட்டில் ஏற்றாதீர்கள். படிக்கட்டுபோல் தட்டு வெட்டிய ரப்பர் சரிவில் டிராக்டருக்கே வேலையில்லை, அங்கே பிரஷ் கட்டர்தான்.

கடைசியாகக் காசுக் கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது 45 சென்ட் அளவு. நான்கடிக் கருவி மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்து, இதை ஒரு மணி நேரத்துக்குள் வெட்டிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று மணி நேர வேலைக்கு யாரும் சொந்தமாக வாங்கக் கூடாது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் தனி விவசாயிக்கு 40 முதல் 50 சதவீதம் மானியம் உண்டு. குழுவாகச் சேர்ந்து வாடகை மையம் தொடங்கினால் அதைவிடக் கூடுதல். உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விண்ணப்பத்தைக் கேட்கும்போதே, கருவி அரசுச் சோதனை நிலையத்தில் தேறியதற்கான சான்றையும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுத்தியல் கத்தி ஃப்ளெயில் வாங்குவதே இந்த மாவட்டத்துத் தோப்புகளுக்கு என் சிபாரிசு. ஓட்டுவதற்கு முந்தின நாள் ஒருவர் தோப்பு முழுக்க நடந்து கல்லையும் கம்பியையும் பொறுக்கிவிட வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் இயந்திரம் வரவில்லை.