மோட்டாருக்குக் காசு, பேட்டரிக்குச் சைக்கிள் டியூப்

இன்ஜின் போன பழைய மொபெட்டில் ஹப் மோட்டார் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை எந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டியில் தென்னந்தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போய்வர அது போதாதா என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள் பேட்டரி என்றதும் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். பழைய லேப்டாப்பில் பிரித்த செல்கள், மேலே டேப், சீட்டுக்கடியில் சைக்கிள் டியூப்பால் ஒரு கட்டு. வேலை முடிந்தது!

2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது புதிதாகக் கடையில் வாங்கிய வண்டி. அடுத்த மாதமே விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. வீட்டில் கட்டிய பேட்டரி அந்த விதி கேட்கும் சோதனைப் பக்கமே போவதில்லை.

வீட்டில் செய்பவர்களுக்கு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்தான் ஏற்றது. எடை கூடும், இடம் பிடிக்கும்; ஆனால் என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) செல் அளவுக்குச் சீக்கிரம் பற்றாது. பற்றவே பற்றாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

ஆபத்து சார்ஜரிலும் இருக்கிறது. 16 எல்எஃப்பி செல் வரிசைக்கு 58.4 வோல்ட் சார்ஜர்; 13 என்எம்சி செல் வரிசைக்கு 54.6 வோல்ட். கடையில் இரண்டுக்குமே ‘48 வோல்ட்’ என்றுதான் பெயர். பின் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால், 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய என்எம்சி செல் 4.4-ஐத் தாண்டப் பார்க்கும். நடுவில் நிற்பது பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் மட்டும்தான். அதையும் மலிவாக வாங்கியிருந்தால்?

பேட்டரியை இரும்புப் பெட்டியில், ஃபிரேமின் நடுவில், தாழ்வாக வையுங்கள். செல் அசையக் கூடாது. உலோகத்துக்கும் செல்லுக்கும் நடுவே இன்சுலேஷன் தாள், அடியில் ரப்பர் ஷீட். வயர் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லையென்றால், ஒவ்வொரு வேகத்தடையிலும் தகரத்தின் விளிம்பு வயரை அறுத்துக்கொண்டே இருக்கும். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும், ஒரு முழம் தள்ளி அல்ல.

இரவில், வாசலை மறித்து, சார்ஜ் போடாதீர்கள்.

அடுத்தது காகிதம். ‘25 கிலோமீட்டர் வேகம், 250 வாட், ஆர்.சி. வேண்டாம்’ என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிடுகிறார்கள். அந்த விலக்கு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்றளித்த வண்டிக்கு மட்டுமே. பெட்ரோல் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட்டுக்கு ரசீது கிழிக்கும் கைகள் சீட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை என்பதால் இது செல்லுபடியாகாது என்று நினைக்க வேண்டாம். விபத்து நடந்த மறுநாள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தூக்கிப் பார்க்கும்.

நேரான வழி இருக்கிறது. ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களின் ஒப்புதல் பெற்ற கிட்டை மட்டும் வாங்கி, கிட் கம்பெனி அங்கீகரித்த ஆளிடம் பொருத்துங்கள். ஒப்புதல் சான்றின் நகல், பொருத்தியதற்கான சான்று, ஜிஎஸ்டி பில், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அனுமந்தன்பட்டிக்காரர்களுக்கு அது உத்தமபாளையம் பகுதி அலுவலகம். எரிபொருள் என்ற இடத்தில் ‘மின்சாரம்’ என்று ஆர்.சி.யில் மாறிய பிறகே வண்டி தெருவில் இறங்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ஏஜென்ட்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது.

காசு கொடுத்து வாங்கிய பேட்டரி எரிந்துவிட்டால் 1915-க்கு அழைக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தீயணைப்பு நிலைய அறிக்கையையும் காவல் நிலைய ரசீதையும் அன்றே கேட்டு வாங்குங்கள். வரிசை எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். கருகிய பெட்டியை வீட்டுக்கு வெளியே, எதுவும் பற்றாத இடத்தில் வைத்திருங்கள். நாற்றம் தாங்கவில்லை என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால், ஆணையத்தில் காட்டக் கையில் பில் மட்டும்தான் மிஞ்சும்.