தாளில் என்ன போட்டிருக்கு?

1999 மாரியில் நான் ஜேர்மனியில் ஒரு ஹைமில் இருந்தேன். அகதிகள் விடுதிக்கு எங்கள் ஆட்கள் சொல்கிற பெயர் அது. மாடி முழுவதுக்கும் ஒரே குசினி, இரண்டு அடுப்பு. பருப்பு வேகக் காத்திருந்த நேரத்தில்தான் ஒருவர் பழக்கமானார். கொசோவோவின் மித்ரோவிட்சாக்காரர்.

மனைவி பிள்ளையோடு ரோமானி மொழி கதைப்பார். ஒருநாள் அவருடைய சின்ன மகள் குழாயைக் காட்டி ‘பானி’ என்றாள். ஹிந்திப் படத்தில் தண்ணீருக்குக் கேட்ட அதே சொல்! ரோமாக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இப்படியான சொற்கள்தான் பெரிய சாட்சி. ஆனால் அல்பேனியர் யாராவது குசினிக்குள் வந்தால் மனிதர் அல்பேனிய மொழிக்கு மாறிவிடுவார். கேட்டால், தான் ரோமா இல்லை, அஷ்காலி என்பார்.

காரணம் இருந்தது. 1999 ஜூனில் சேர்பியப் படை வெளியேறி நேட்டோ படை நுழைந்ததும், ரோமாக்கள் சேர்பியரின் கையாட்கள் என்ற பழி அல்பேனியரிடையே எழுந்தது. மித்ரோவிட்சாவில் இபார் ஆற்றின் தென்கரையில் ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த ரோமா மஹல்லா என்ற குடியிருப்பைச் சூறையாடி எரித்தார்கள். அவருடைய வீடும் அதற்குள்தான். வடக்கே ஓடியவர்களுக்கு முகாம் கிடைத்தது, ஈயக் கழிவு மேட்டுக்குப் பக்கத்தில். சில மாதத்துக்கென்று போட்ட முகாம்களில் வருடக்கணக்காக வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது.

அஷ்காலிகளும் ‘எகிப்தியர்’ என்போரும் வெளியாள் பார்வைக்கு ரோமாக்கள் மாதிரித்தான். வீட்டில் பேசுவது அல்பேனிய மொழி. எகிப்தியர் தங்கள் வேர் எகிப்து என்கிறார்கள். இதெல்லாம் பயத்தில் போட்ட வேடம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1991 யூகோஸ்லாவியக் கணக்கெடுப்பிலேயே எகிப்தியர் தனியாக இருக்கிறார்கள். என் நண்பர் போட்டது வேடம். உண்மையான அஷ்காலிக்கு அது அவருடைய பெயர். அவர்கள் வீடுகளும் எரியத்தான் செய்தன.

2005 ஏப்ரலில் கதை தலைகீழானது. அஷ்காலிகளையும் எகிப்தியரையும் திருப்பி அனுப்பத் தொடங்கலாம் என்று ஜேர்மனியும், கொசோவோவை அப்போது நிர்வகித்த ஐ.நா.வும் உடன்பட்டன. பாரிய குற்றம் செய்த சிலரைத் தவிர, ரோமாக்களுக்கு அது இல்லை. குசினியில் காப்பாற்றிய பெயர் இப்போது விமானத்தில் ஏற்றிவிடும்!

நான் அதற்குள் வீடெடுத்து வந்திருந்தேன். தேடி வந்துவிட்டார். சட்டைப்பையில் நாலாய் மடித்த பழைய விசாரணைத் தாள், மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது. முதல் நாள் பயத்தில் எந்தப் பெயரைச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. ஜேர்மன் எழுத்தும் ஓடாது. இனம் என்ற இடத்தில் விரலை வைத்தேன். ‘ரோமா.’ இன்னொருக்கால் வாசி என்றார். வாசித்தேன். பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

2010இல் ஜேர்மனி புதிய கொசோவோ அரசோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த வித்தியாசமும் போய்விட்டது, யாரையும் அனுப்பலாம். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகளையும் அனுப்பினார்கள். வித்தியாசம் போனாலும் பெயர்கள் நின்றன: 2011 கணக்கெடுப்பில் கொசோவோவில் அஷ்காலிகள் 15,436, எகிப்தியர் 11,524, ரோமாக்கள் 8,824. வடபகுதி அந்தக் கணக்கில் சேரவில்லை.

அவர் எப்படியோ தப்பி இங்கேயே இருக்கிறார். ‘பானி’ கேட்ட மகளுக்கு இப்போது குழந்தை. பிறப்புப் பதிவுத் தாளில் இனம் கேட்கிற கட்டமே இல்லையாம். அதைச் சொல்லவென்றே ஒருநாள் பஸ் பிடித்து வந்துவிட்டுப் போனார்.