கோப்பை உண்டு, பருவம் எங்கே?

ஒரு விளையாட்டை வளர்ப்பது எது என்று கேட்டால், திறமை என்பார் சிலர். பயிற்சி என்பார் சிலர். பணம் என்பார் பலர். இவை மூன்றும் இருந்தும் ஒரு விளையாட்டு வேரூன்றாமல் போவதுண்டு. அங்கே இல்லாதது பெரும்பாலும் ஒரு நாள்காட்டிதான். அடுத்த ஆட்டம் என்று, எங்கே, யாருடன் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால்தான் வீராங்கனை உழைப்பார், பார்வையாளர் வருவார், முதலீட்டாளர் கணக்குப் போடுவார். கொங்கு நாட்டு மகளிர் விளையாட்டுக்கு இன்று இல்லாதது அந்த நாள்காட்டியே. இதை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவின் மகளிர் ஹேண்ட்பால் கிளப் போட்டிகள் நல்ல பாடமாகும்.

ஹேண்ட்பால் என்றதும் நம்மில் பலர் கைப்பந்து என்று எண்ணிவிடுவர். நாம் கைப்பந்து என்று சொல்வது வாலிபாலை. ஹேண்ட்பால் வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில், அணிக்கு ஏழு பேராக நின்று, பந்தைக் கையால் பரிமாறி எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டம் இது. பாதிக்கு 30 நிமிடங்கள். ஒலிம்பிக்கில் மகளிர் ஹேண்ட்பால் 1976 முதல் இடம்பெற்று வருகிறது. நம் நாட்டில் பள்ளி, கல்லூரி அளவிலான போட்டிகளுக்கு அப்பால் இது அதிகம் அறியப்படாத ஆட்டம். ஐரோப்பாவிலோ ஒவ்வொரு செப்டம்பரிலும் இதன் கிளப் பருவம் தொடங்குகிறது.

அந்தப் பருவத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் 16 கிளப்புகள், எட்டு எட்டாக இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கிளப்பும் தன் குழுவிலுள்ள மற்ற ஏழு கிளப்புகளுடன் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை என 14 ஆட்டங்கள் ஆடுகிறது. பிறகு நாக்-அவுட் சுற்றுகள். கடைசியில் நான்கு அணிகள் மட்டும், சுமார் 20 ஆயிரம் பேர் அமரக்கூடிய புடாபெஸ்ட் அரங்கில் ஒரே வார இறுதியில் மோதுகின்றன. இதனோடு ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டு லீக்கும் நடக்கிறது. ஆக, முதல்தர வீராங்கனைக்கு ஆண்டில் ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆட்டமும் பயிற்சியுமாகக் கழிகின்றன. அது அவரது வேலை.

இந்தப் போட்டியில் கோலோச்சும் கிளப் எந்தத் தலைநகரத்தையும் சேர்ந்ததல்ல. ஹங்கேரியின் மேற்குப் பகுதியில், சுமார் 1.3 லட்சம் மக்கள் வாழும் ஜியோர் நகரத்தின் கிளப் அது. 2013 முதல் 2025 வரை ஏழு முறை ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை அது வென்றுள்ளது. 2025 ஜூன் மாதத்தில் டென்மார்க்கின் ஒடென்சே அணியை இறுதி ஆட்டத்தில் வென்றது ஏழாவது பட்டம். ஜியோர் ஓர் இயந்திரத் தொழில் நகரம். ரயில் பெட்டித் தொழிற்சாலையால் பெயர்பெற்ற அந்த ஊரில், 1993 முதல் ஆடி நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. கிளப்பின் பெயரிலேயே ஆடியும் இருக்கிறது. பம்ப்செட், மோட்டார், நூற்பாலை, வார்ப்பட ஆலை என்று வளர்ந்த கோவையில் வாழும் எனக்கு இந்த ஊரைப் பற்றிப் படிக்கும்போது அந்நிய உணர்வு தோன்றுவதில்லை. மக்கள்தொகையிலும் தொழில் வளத்திலும் கோவை அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதே வேறுபாடு.

ஆனால், ஐரோப்பா என்றாலே எல்லாம் செழிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நார்வேயின் கிறிஸ்டியான்சாண்ட் நகரைச் சேர்ந்த வைப்பர்ஸ் கிளப் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். அதே கிளப் 2025 ஜனவரியில், பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே திவாலானது. நம் ஊர் வழக்கில் சொன்னால், மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டது. அந்தக் குழுவில் எஞ்சிய ஏழு அணிகளோடு பருவம் தொடர்ந்தது. வீராங்கனைகள் நடுவழியில் வேறு கிளப் தேட வேண்டியதாயிற்று. ஆறு மாதம் கழித்து, ஜெர்மனியின் சாம்பியனான லுட்விக்ஸ்பர்க் கிளப்பும் திவால் மனு அளித்துச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து விலகியது. பீட்டிக்ஹைம் என்ற முந்தைய பெயரில் 2024 இறுதி ஆட்டம் வரை சென்ற கிளப் அது.

கோப்பைகளை வெல்வதும் கணக்கைச் சரிக்கட்டுவதும் வேறு வேறு கலைகள் என்பதற்கு இவை சான்று. மகளிர் ஹேண்ட்பாலில் தொலைக்காட்சி உரிமை மூலம் பெரும் வருவாய் இல்லை. நுழைவுச் சீட்டு வருவாய் ஊதியச் செலவுக்கு ஈடாகாது. எஞ்சுவது விளம்பரப் புரவலரின் பணம். அந்தப் பணம் ஒன்றிரண்டு கைகளிலிருந்து மட்டும் வருமானால், அந்தக் கை மடங்கும் நாளில் கிளப்பும் மடங்கும்.

புரவலர் தனியார் என்றால்தான் இந்த ஆபத்து என்பதில்லை. சோவியத் காலத்தில் ஸ்பார்ட்டக் கீவ் என்ற கிளப் 1970 முதல் 1988 வரை 13 முறை மகளிர் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இன்றுவரை எவராலும் எட்டப்படாத எண்ணிக்கை அது. அரசமைப்பின் ஆதரவில் நின்ற அந்தக் கிளப், அந்த அமைப்பு சரிந்த பிறகு ஒருமுறைகூட அந்தக் கோப்பையை வெல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவையில் விளையாட்டுக்குப் புரவலர் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்திய ஆடவர் கூடைப்பந்துப் போட்டி அரை நூற்றாண்டைக் கடந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனோடு சேர்ந்தது, சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் நிறுவனத்தின் பெயரிலான மகளிர் கோப்பை. மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் இதை அக்கறையுடன் நடத்துகிறது. ரயில்வே அணிகளும் கேரள மின்வாரிய அணியும் இங்கு ஆடும்போது அரங்கு நிறைந்து வழிவதைக் கண்டிருக்கிறேன். மகளிர் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்ற வாதம் கோவையில் எடுபடாது.

ஆனால், அந்தப் போட்டி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கோப்பையைக் கைப்பற்றும் அணி ரயிலேறும். மீண்டும் ஆட்டம் பார்க்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். இது விழா. விழா வேண்டியதுதான், ஆனால், விழா நாள் கூலி தரும், வாழ்க்கை தராது.

இந்தப் போட்டிகளில் பங்கேற்கும் சிறந்த மகளிர் அணிகள் எவை என்பதையும் பாருங்கள். ரயில்வே, மின்வாரியம், காவல்துறை. அதாவது வேலை தரும் துறைகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, வேலையோடு ஆட்டம், ஆட்டம் முடிந்த பிறகும் ஓய்வுக்காலம் வரை சம்பளம். இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வைப்பர்ஸ் வீராங்கனைக்கு 2025 ஜனவரியில் இல்லாமல் போன பாதுகாப்பு, நம் ரயில்வே வீராங்கனைக்கு உண்டு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய வேலைகள் மிகச் சில. அந்த வாசலில் நுழைய முடியாத நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஆட்டமே முடிந்துபோகிறது.

கோவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருந்தனர். காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருந்துவிட்டு, ஒன்பது மணிக்குத் தலை ஈரம் காயாமல் வகுப்பில் அமர்வார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்கள், மாநில அணியின் வாசல்வரை சென்றவர்கள் அவர்களில் உண்டு. கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, இறுதியாண்டுத் தேர்வு முடிந்த நாளில் என்னிடம் கேட்டாள்: "அடுத்த வருசம் நான் எங்கீங்க சார் போய் வெளையாடறது?" இருபத்தொரு வயதில், ஆற்றல் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் எழுந்த கேள்வி அது. பல ஆண்டுகள் பெற்றோரும் பள்ளியும் கல்லூரியும் அரசும் செய்த முதலீடு, பலன் தரத் தொடங்கும் முன்பே கைவிடப்படுகிறது. பாதி கட்டிய ஆலையைப் பூட்டி வைக்கும் முதலாளி உண்டா? மனித மூலதனத்தில் மட்டும் அதை நாம் இயல்பாகச் செய்கிறோம்.

விழாவிலிருந்து பருவத்துக்கு மாறுவது நம் நாட்டிலும் இயலும் என்பதற்கு மகளிர் கால்பந்து சாட்சி. 2016-17இல் தொடங்கிய இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று முதலில் ஏதேனும் ஒரு நகரில் சில வாரங்களில் நடத்தி முடிக்கப்பட்டது. 2018-19 பட்டத்தை மதுரையின் சேது எஃப்.சி. வென்றபோது, அந்தச் சுற்று நடந்த இடம் பஞ்சாபின் லூதியானா. வென்ற அணியை அதன் சொந்த ஊர் மக்கள் மைதானத்தில் பார்க்கவில்லை. 2023-24இல்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறை வந்தது. ஏழு அணிகள், அணிக்கு 12 ஆட்டங்கள். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால், வீராங்கனையின் ஒப்பந்தம் வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்குக்கு நகர இதுவே வழி.

பணம் எங்கிருந்து வரும்? ஹங்கேரி 2011இல் ஒரு வழி கண்டது. நிறுவனங்கள் தங்கள் நிறுவன வரியில் ஒரு பகுதியைக் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து உள்ளிட்ட சில அணி விளையாட்டுகளுக்கு அளித்து வரிச்சலுகை பெறலாம் என்று சட்டம் செய்தது. அரங்குகள் எழுந்தன, இளையோர் அணிகள் பெருகின. வெளிப்படைத்தன்மை போதாது என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் விளையாட்டும் உண்டு. ஆனால், பட்டியல் சொல்வது விளையாட்டுக்கான "பயிற்சி". மேலும், தன் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடி அளிக்கும் ஆதரவு இந்தக் கணக்கில் சேராது என்று விதி விலக்குகிறது. ஆகவே, கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கிறது. ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மார்பில் ஏந்தும் ஓர் அணிக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தர அந்த நிதி எளிதில் வருவதில்லை. பயிற்சி தருகிறோம், பயிற்சி பெற்றவர் ஆட இடம் தருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மகளிர் லீக்கில் ஆடும் அணியின் ஊதியச் செலவையும் இப்பட்டியலில் சேர்ப்பது குறித்து ஒன்றிய அரசு சிந்திக்கலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி என்று எட்டு ஊர்கள். கூடைப்பந்தோ ஹேண்ட்பாலோ, ஊருக்கு ஒரு மகளிர் அணி. ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள், மொத்தம் 56. வார இறுதிகளில் நடத்தினால் நான்கு மாதப் பருவம். எந்த ஊருக்கும் பேருந்தில் போய், ஆடி, திரும்பிவிடலாம். கல்லூரி அரங்குகள் ஏற்கெனவே நிற்கின்றன.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, எந்த ஒரு புரவலரும் அணியின் செலவில் கால் பங்குக்கு மேல் தரக் கூடாது. கூட்டாகச் செயல்படுவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. கோவையின் சிறுதொழில் முனைவோர் ஒன்றிணைந்து கொடிசியா வளாகத்தை எழுப்பினர். இரண்டாவது, பருவம் தொடங்கும் முன்பே அந்தப் பருவத்தின் ஊதியம் முழுவதும் வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். வைப்பர்ஸ் கற்றுத்தந்த பாடம் இது. மூன்றாவது, வீராங்கனைகளை ஊர் நிறுவனங்கள் பணியாளர்களாகவே ஏற்க வேண்டும். அப்போது வருங்கால வைப்பு நிதியும் மகப்பேறு விடுப்பும் சட்டப்படி வந்துசேரும். காயம்பட்டாலும் கஞ்சிக்குக் கவலை இராது. ரயில்வே தரும் பாதுகாப்பும் ஐரோப்பா தரும் பருவமும் ஒன்றாகும் இடம் அதுவே.

கூட்டம் வருமா என்று கேட்பார்கள். முதலாண்டில் குறைவாகத்தான் வரும். மகளிர் கிரிக்கெட்டின் பிரீமியர் லீக்குக்கு ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமையாக 951 கோடி ரூபாய் கிடைத்ததென்றால், ஆடவர் கிரிக்கெட் பல பத்தாண்டுகளாக உருவாக்கிய சந்தை அதன் பின்னால் நின்றது. மற்ற ஆட்டங்களுக்கு அந்தத் தோள் கிடையாது. அவை தம் பார்வையாளர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தாக வேண்டும். இந்தச் சனிக்கிழமை நம் ஊரில் ஆட்டம் உண்டு என்பது உறுதியானால்தான் அந்தச் சேர்க்கை தொடங்கும். தந்தை தன் மகளை அழைத்து வருவார். அந்த மகள் மறுவாரம் தன் தோழியை அழைத்து வருவாள்.

கோப்பைகளை வாரி வழங்கிய கொங்குத் தொழில் உலகம், இனி ஒரு நாள்காட்டியை வழங்க வேண்டும். "அடுத்த வருசம் எங்கே விளையாடுவது?" என்று கேட்கும் பெண்ணிடம், ஊரையும் தேதியையும் சொல்லக்கூடிய நிலையை நாம் உருவாக்கியாக வேண்டும்.