மண்டபம் இல்லாத கல்யாணம்: மலையில் ஒரு நாளைத் திட்டமிடுவது எப்படி?

நம்ம ஊரில் 'ஓடிப்போய்க் கல்யாணம்' என்றால் இரவு பஸ், நண்பனின் பைக், ஏதோ ஒரு கோயில், கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் என்றுதான் மனசில் படம் ஓடும். சங்க இலக்கியத்தில் இதற்கு உடன்போக்கு என்று பெயர், திணை பாலை. அமெரிக்காவில் 'எலோப்மென்ட்' என்ற சொல்லுக்கும் முன்பு இதே பொருள்தான். இன்றைக்கு அது மாறிவிட்டது. யாருக்கும் பயந்து ஓடுவதில்லை. அப்பா அம்மாவுக்குத் தெரிந்தே, இரண்டு பேர் மட்டும் (மிஞ்சிப்போனால் நாலைந்து நண்பர்களோடு) ஒரு மலைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்புகிறார்கள்.

இதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று கொலராடோ மாநிலம். காரணம் அங்குள்ள மலைகள் மட்டுமல்ல, சட்டமும்தான். மணமக்கள் தாங்களே தங்கள் திருமணத்தை நடத்திக்கொள்ளலாம் என்கிறது அந்த மாநிலச் சட்டம். பாதிரியார், நீதிபதி, சாட்சி யாரும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1967-ல் சட்டசபை நிறைவேற்றிய இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது இல்லையா? அதிலும் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருக்க வேண்டும். கொலராடோ இன்னும் ஒரு படி தாண்டிப் போகிறது.

அப்போ வேலை குறைச்சல்தானே? அங்கேதான் சூட்சுமம். மண்டபக்காரர், புரோகிதர், தாய்மாமன், சமையல்காரர் என்று பத்துப் பேர் சுமந்த பொறுப்பு எங்கேயும் காணாமல் போய்விடவில்லை, அந்த இரண்டு பேர் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் காகிதம். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் திருமண உரிமம் வாங்க வேண்டும். காத்திருப்புக் காலம் கிடையாது, அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வாங்கிய 35 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், அதுவும் கொலராடோ எல்லைக்குள். பிறகு கையெழுத்திட்ட படிவத்தை 63 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பதிய வேண்டும். புரோகிதர் இல்லாததால் இதை ஞாபகப்படுத்த ஆளில்லை. விசாவுக்கோ இந்தியாவில் பயன்படுத்தவோ தேவைப்படும் என்றால், சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி, மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரையும் பெற்றுக்கொள்வது நல்லது.

இரண்டாவது இடம். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். இரண்டே பேர் நடத்தும் கல்யாணமானாலும் அங்கே சிறப்பு அனுமதி கட்டாயம். பிடித்த பாறையில் ஏறி நின்று நடத்த முடியாது, பூங்கா ஒதுக்கிய இடங்களில்தான் நடத்த வேண்டும். அனுமதிகளுக்கு வரம்பு உண்டு என்பதால், தேதியை முடிவு செய்யும் முன்பே விண்ணப்பிக்கிற வழியைப் பார்க்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடத் தடை. சமீப ஆண்டுகளில் கோடைகாலத்தில் உள்ளே நுழையவே நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே தரையோடு ஒட்டி வளரும் செடிகளை மிதித்தால் அவை மீள்வதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஆகவே ஃபோட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

மூன்றாவது வானம். மூன்றிலும் உயிர் சம்பந்தப்பட்டது இதுதான். ஜூலை, ஆகஸ்டில் காலையில் பளிச்சென்று இருக்கும் வானம், மதியத்துக்குள் இடி மின்னலாக மாறுவது அங்கே வாடிக்கை. 2014 ஜூலையில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், அந்தப் பூங்காவில் இரண்டு பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். அதனால் நண்பகலுக்கு முன்பே மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பது மலையேறுபவர்களின் எழுதாத விதி. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே காருக்குள் போக வேண்டும்.

உயரமும் சும்மா விடாது. பூங்காவின் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டலோடு யாரும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட மாட்டார்கள். பனியால் அந்தச் சாலை மே கடைசி வாக்கில்தான் திறக்கும், அக்டோபரில் மூடிவிடுவார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்தால் நாள் தானாக உருவாகிவிடும். ஜூலை நடுவில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாள் முன்பே வந்து, உரிமம் வாங்கி, 2,290 மீட்டரில் உள்ள எஸ்டெஸ் பார்க் ஊரில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்றரைக்கு எழுந்தால், ஐந்து மணிக்கு ஸ்ப்ரேக் ஏரிக்கரையில் இருக்கலாம். அனுமதி தரப்படும் இடங்களில் அதுவும் ஒன்று, பாதையும் சமதரை. ஏரிக்கரையே தொட்டபெட்டா உச்சி அளவு உயரம் என்பதால் ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் எழும். உறுதிமொழி, மோதிரம், கையெழுத்து எல்லாம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். பிறகு பூட்ஸ் மாட்டிக்கொண்டு பேர் ஏரியிலிருந்து ட்ரீம் ஏரிக்கு நடை, போக வர மூன்றரை கிலோமீட்டர். பத்தரைக்குத் திரும்பினால், மேகம் திரளும்போது நீங்கள் ஊருக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வானம் மோசமானால் என்ன செய்வது, எந்த நேரத்தில் திட்டத்தைக் கைவிடுவது என்பதை முந்தின நாளே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற எண்ணம்தான் மலையில் பலரைத் தப்பான முடிவெடுக்க வைக்கிறது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

சாட்சியே வேண்டாத கல்யாணம்தான். ஆனாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.